மேற்குப்பீடிப்பு: எதிர்ப்பாளரின் சொல் அரசின் கருவியான வரலாறு – ஜலால் ஆலெ அஹ்மதின் நூலை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஈரானிய எழுத்தாளர் ஜலால் ஆலெ அஹ்மத் (1923–1969) 1962-இல் வெளியிட்ட 'கர்ப்ஸதெகி' என்னும் நூல், இருபதாம் நூற்றாண்டின் மேற்கு எதிர்ப்புச் சிந்தனையில் செல்வாக்கு மிக்க நூல்களுள் ஒன்று. மன்னராட்சியின் தணிக்கைக்கு உட்பட்ட அந்நூலின் கருத்தாக்கம், 1979-க்குப் பின் உருவான இஸ்லாமியக் குடியரசின் ஆட்சிமொழிக்குள் இடம்பெற்றது. தடைசெய்யப்பட்ட ஒரு சொல் தடைசெய்யும் சொல்லாக எவ்வாறு மாறியது என்பதே இக்கட்டுரையின் வினா. அம்மாற்றத்திற்கு இடமளித்த கூறுகள் நூலுக்குள்ளேயே இருந்தன என்பதையும், அதே வேளையில் நூலின் பொருளியல் மையத்தை அரசு கைவிட்டது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. நியாயமான மேற்கு விமர்சனத்தையும் எதேச்சாதிகார அரசின் மேற்கு எதிர்ப்பையும் வேறுபடுத்தி அறிவதற்கான அளவுகோல்கள் சிலவும் இறுதியில் முன்வைக்கப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: மேற்கு எதிர்ப்பு, ஈரான், ஆலெ அஹ்மத், எதேச்சாதிகாரம், வெளியுறவுக் கொள்கை, சுதேசியவாதம்.

முன்னுரை

எதேச்சாதிகார அரசுகளின் மேற்கு எதிர்ப்பை ஆராய்வோர் பெரும்பாலும் இரு நிலைகளுள் ஒன்றை மேற்கொள்கின்றனர். மேற்கு எதிர்ப்பு என்பது ஆட்சியாளர் தம் குறைகளை மறைக்கப் பயன்படுத்தும் திரை மட்டுமே என்பது ஒரு நிலை. காலனியத்தின் காயங்களிலிருந்து எழும் இயல்பான எதிர்வினையே அது என்பது மற்றொரு நிலை. முதல் நிலை வரலாற்றைப் புறக்கணிக்கிறது. இரண்டாம் நிலை அதிகாரத்தைப் புறக்கணிக்கிறது. காயம் உண்மையானதாக இருப்பதும், அக்காயத்தை ஆட்சியாளர் கருவியாக்குவதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. உண்மையில், காயம் ஆழமானதாக இருக்கும் இடத்திலேயே கருவி கூர்மை பெறுகிறது.

இவ்வுறவைத் தெளிவாகக் காட்டும் சான்றாக ஈரான் அமைகிறது. அங்கு மேற்கு எதிர்ப்பு அரசவையில் பிறக்கவில்லை. அரசை எதிர்த்த எழுத்தாளர்களின் மேசையில் பிறந்தது. அரசு அதைப் பின்னரே தனதாக்கிக்கொண்டது. எனவே, மூலநூலையும் அதன் பிற்கால வாழ்வையும் ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்பு திறனாய்வாளருக்குக் கிட்டுகிறது.

நூலின் பின்புலம்

ஆலெ அஹ்மத் தெஹ்ரானில் ஒரு சமயகுருக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் குடும்பத்தின் சமய நெறியிலிருந்து விலகி, பொதுவுடைமைச் சார்புடைய தூதே கட்சியில் சேர்ந்தார். அக்கட்சி சோவியத் நலன்களுக்குக் கட்டுப்பட்டது என்னும் அதிருப்தியால் 1948-இல் கலீல் மலேக்கி தலைமையில் பிரிந்தோருடன் வெளியேறினார். இவ்வெளியேற்றம் குறிப்பிடத்தக்கது. அந்நிய ஆதிக்கம் என்பது லண்டனிலிருந்தும் வாஷிங்டனிலிருந்தும் மட்டுமன்றி மாஸ்கோவிலிருந்தும் வரக்கூடும் என்னும் அனுபவம் அவருடைய பிற்காலச் சிந்தனைக்கு அடிப்படையாயிற்று.

1951-இல் பிரதமர் முகம்மது மொசாத்தெக் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கினார். 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரித்தானிய உளவு அமைப்புகளின் திட்டத்துடன் அவர் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஈரானிய எண்ணெய் மேற்கத்திய நிறுவனங்களின் கூட்டமைப்பின் கைக்குச் சென்றது. 1957-இல் 'சவாக்' என்னும் இரகசியக் காவல் அமைப்பு நிறுவப்பட்டது. நாடாளுமன்ற வழியிலான விடுதலை முயற்சி வெளியிலிருந்து முறிக்கப்பட்ட இந்த வரலாற்றை நீக்கிவிட்டு ஆலெ அஹ்மதின் நூலைப் படிக்க இயலாது. கல்வியின் இலக்குகளை ஆராய அமைக்கப்பட்ட அரசு மன்றம் ஒன்றிற்கு 1961-இல் அவர் அளித்த அறிக்கையே நூலின் முதல் வடிவம். அதை வெளியிட மன்றம் முன்வரவில்லை. 1962-இல் நூலாசிரியரே தனியாக அச்சிட்டார். பின்னர் அது மறைமுகமாகக் கைமாறிப் பரவியது.

சொல்லும் பொருளும்

'கர்ப்' என்பது மேற்கு; 'ஸதெ' என்பது தாக்குண்ட, பீடிக்கப்பட்ட என்னும் பொருள் தருவது. இக்கட்டுரை இதனை 'மேற்குப்பீடிப்பு' எனத் தமிழாக்கிக் கொள்கிறது. இச்சொல்லை உருவாக்கியவர் ஜெர்மானிய மெய்யியலாளர் ஹைடெக்கரின் சிந்தனையில் தோய்ந்த அஹ்மத் ஃபர்தீத். ஆலெ அஹ்மத் அதை அவரிடமிருந்து பெற்றதை மறைக்கவில்லை. ஃபர்தீதுக்கு இச்சொல் மெய்யியல் சார்ந்தது. உண்மை பற்றிய மேற்கின் பார்வை உலகை மூடிக்கொண்டதை அது சுட்டியது. ஆலெ அஹ்மத் அதைத் தரைக்கு இறக்கினார். கோதுமை மணியை உள்ளிருந்து அரித்து உமியை மட்டும் விட்டுவைக்கும் பூச்சியின் தாக்குதலாகவும் தொற்றுநோயாகவும் அவர் அதை விளக்கினார்.

நூலின் வலிமையான பகுதி, அதில் உள்ள மேற்கு–கிழக்கு வரையறையாகும். ஆலெ அஹ்மதுக்கு இவ்விரு சொற்களும் திசைகளையோ சமயங்களையோ குறிப்பன அல்ல. இயந்திரத்தை உற்பத்தி செய்து ஏற்றுமதி செய்வோர் மேற்கு. கச்சாப்பொருளைக் கொடுத்து இயந்திரத்தை வாங்கி நுகர்வோர் கிழக்கு. இவ்வரையறையின்படி சோவியத் ரஷ்யா மேற்கைச் சேர்ந்தது. ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் கிழக்கைச் சேர்ந்தவை. அவர் தந்த தீர்வும் பழமைக்குத் திரும்புவதன்று. இயந்திரத்தை மறுக்காமல், அதைச் செய்யக் கற்று அதற்கு அடிமையாகாமல் இருப்பதே வழி என்றார். எண்ணெயை விற்றுத் துணியையும் இயந்திரத்தையும் வாங்கும் ஒரு நாட்டின் சிற்றூர்கள் எவ்வாறு வெறுமையடைகின்றன என்பதை அவர் நேரில் கண்டவர். ஊரசான் சிற்றூர், கார்க் தீவு ஆகியவை பற்றி அவர் எழுதிய கள ஆய்வு நூல்கள் இதற்குச் சான்று.

நூலுக்குள் இருந்த விரிசல்கள்

இத்தகைய பொருளியல் வரையறை கொண்ட நூல் எதேச்சாதிகாரத்திற்குப் பயன்பட்டது எவ்வாறு? மூன்று விரிசல்களை இங்குச் சுட்டலாம்.

முதலாவது, நோய் உருவகம். கருத்து வேறுபாடு கொண்டவரோடு வாதிடலாம். நோயுற்றவரோடு வாதிடுவதில்லை, அவரைக் குணப்படுத்துகிறோம் அல்லது விலக்கிவைக்கிறோம். ஒரு சமூகத்தின் சிக்கலை நோயாக உருவகித்தவுடன் மருத்துவர் என்னும் இருக்கை ஒன்று உருவாகிவிடுகிறது. அந்த இருக்கையில் யார் அமர்வது என்பதை நூல் உறுதிசெய்யவில்லை. நோய்க்குறிகளும் வரையறுக்கப்படவில்லை. உடை, பேச்சு, நம்பிக்கையின்மை, சொகுசு எனப் பலவும் குறிகளாயின. கருத்தாக்கத்தின் இந்த நெகிழ்ச்சியைத் தாரியுஷ் ஆஷூரி போன்ற ஈரானியத் திறனாய்வாளர்கள் முன்னரே கண்டித்துள்ளனர்.

இரண்டாவது, ஆளுமைச் சித்திரிப்பு. மேற்குப்பீடிப்புக்கு ஆளான மனிதனை வேரற்றவனாக, ஒப்பனையில் மூழ்கியவனாக, ஆண்மை குன்றியவனாக நூல் வரைகிறது. முன்னர் வணிக அமைப்பைக் குற்றஞ்சாட்டிய எழுத்து இங்கு மனித வகை ஒன்றைக் குற்றஞ்சாட்டத் தொடங்குகிறது. எண்ணெய் ஒப்பந்தத்தை மாற்றுவது கடினம். ஒரு மனிதனின் கழுத்துப்பட்டையைக் கண்டு அவனை இகழ்வது எளிது. பிற்கால அரசு எளிய வழியையே தேர்ந்தது.

மூன்றாவது, வரலாற்று மதிப்பீடு. அரசியலமைப்புப் புரட்சியை எதிர்த்து 1909-இல் தூக்கிலிடப்பட்ட ஷேக் ஃபஸ்லுல்லா நூரியை நூல் மேற்குப்பீடிப்பின் பலியாளராகக் காண்கிறது. நூரி அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்தவர் என்பது உண்மை. ஆனால், 1908-இல் மன்னருக்காக நாடாளுமன்றத்தைக் குண்டுவீசித் தகர்த்தது ரஷ்ய அதிகாரி லியாகோவின் தலைமையிலான கொசாக் படைப்பிரிவே. நாடாளுமன்றத்திற்கு எதிராக அம்மன்னரின் பக்கம் நின்றவர் நூரி. அந்நியரின் பீரங்கி அப்போது பாதுகாத்தது எதேச்சாதிகாரத்தையே. சட்டத்தின் ஆட்சியை மேற்கின் பொருளாகவும் அதை மறுத்தவரை மண்ணின் குரலாகவும் காணும் இப்பார்வை, அரசியலமைப்புக்காக உயிர்விட்ட ஈரானியரைத் தம் நாட்டிலேயே அந்நியராக்குகிறது.

இவ்விடத்தில் நூலின் அகமுரண் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். மேற்கை விமர்சிக்கும் அந்நூல் தன் முடிவுப் பகுதியில் காம்யூவின் புதினத்தையும் அயனெஸ்கோவின் நாடகத்தையும் பெர்க்மனின் திரைப்படத்தையும் துணைக்கு அழைத்து, இறுதியில் குர்ஆன் வசனம் ஒன்றோடு நிறைவுறுகிறது. இதைக் குறையாகக் காணவேண்டியதில்லை. மேற்குக்குள்ளேயே மேற்கின் விமர்சகர்கள் உள்ளனர் என்பதையும், ஈரானியச் சிந்தனையாளர் ஒருவர் அவர்களோடு உரையாட முடியும் என்பதையும் நூல் தன்னை அறியாமலேயே நிறுவிவிடுகிறது. அரசின் கைக்குச் சென்றபோது முதலில் மறைந்தது இந்த உரையாடலே.

எதிர்ப்பாளரின் சொல் அரசின் கைக்கு

1979 பிப்ரவரியில் மன்னராட்சி வீழ்ந்தது. மார்ச் மாதத்தில் கட்டாய முக்காட்டை எதிர்த்துத் தெஹ்ரான் தெருக்களில் திரண்ட பெண்கள் மேற்குமயமானவர்கள் எனத் தூற்றப்பட்டனர். அவர்களுட் பலர் மன்னரை எதிர்த்து அதே தெருக்களில் நின்றவர்கள். பெண் விடுதலை பற்றி ஆலெ அஹ்மத் எழுதியதன் ஒரு பாதி இங்குப் பயன்பட்டது, மறுபாதி கைவிடப்பட்டது. மன்னராட்சி பெண்ணுக்கு அளித்தது காட்சிப்பொருளாகும் உரிமையே என்று அவர் எழுதியது உண்மை. ஆனால், ஆணின் உழைப்பும் பெண்ணின் உழைப்பும் சமமாக மதிக்கப்படாதவரை விடுதலை என்பது ஒப்பனைப் பொருள்களின் நுகர்வோரைப் பெருக்குவதாகவே முடியும் என்பதே அவ்வாதத்தின் முழு வடிவம். சமத்துவக் கோரிக்கை நீக்கப்பட்டு, ஒப்பனை பற்றிய கண்டனம் மட்டும் காவலரின் கையேட்டில் எஞ்சியது.

1979 நவம்பர் 4 அன்று அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. பிணைக்கைதிகள் 444 நாள்கள் அடைத்துவைக்கப்பட்டனர். 1953-இன் நினைவு இச்செயலுக்குப் பின்னிருந்த உண்மையான அச்சம். எனினும், அதன் உடனடி விளைவு உள்நாட்டில் நிகழ்ந்தது. அதற்குச் சில நாள்களுக்கு முன் அல்ஜியர்சில் அமெரிக்கப் பாதுகாப்பு ஆலோசகரைச் சந்தித்திருந்த பிரதமர் மெஹ்தி பசர்கான் இரு நாள்களில் பதவி விலகினார். அடுத்த மாதம், அக்கொந்தளிப்பின் நடுவே, சமயச் சட்ட அறிஞரின் தலைமையை நிலைநிறுத்தும் அரசியலமைப்பு வாக்கெடுப்பில் ஏற்கப்பட்டது. தூதரகத்தில் கிடைத்த ஆவணங்கள், துண்டாக்கப்பட்ட தாள்கள் ஒட்டப்பட்டுத் தொகுதி தொகுதியாக வெளியிடப்பட்டன. மிதவாதிகளை வீழ்த்த அவை சான்றுகளாக்கப்பட்டன. இடைக்கால அரசின் பேச்சாளராக இருந்த அப்பாஸ் அமீர் எந்தெசாம் அமெரிக்காவோடு தொடர்புகொண்டார் என்னும் குற்றச்சாட்டில் ஆயுள் தண்டனை பெற்றார். அரசின் பணியாக மேற்கொண்ட தொடர்பே துரோகத்தின் சான்றாயிற்று.

1980-இல் பண்பாட்டுப் புரட்சியின் பெயரால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. அவை மீண்டும் முழுமையாகச் செயல்பட ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின. ஆசிரியர்களும் மாணவர்களும் பெருமளவில் நீக்கப்பட்டனர். 1990-களில் உயர் தலைவர் அலி காமெனெயியின் உரைகளில் 'பண்பாட்டுப் படையெடுப்பு' என்னும் தொடர் மையம் பெற்றது. 'பீடிப்பு' என்னும் மருத்துவச் சொல்லின் இடத்தில் 'படையெடுப்பு' என்னும் போர்ச்சொல் அமர்ந்தது. இம்மாற்றம் சிறிதன்று. நோயாளி இரங்கத்தக்கவர், படையெடுப்பாளருக்குத் துணைநிற்பவரோ தண்டிக்கத்தக்கவர். 2009 தேர்தல் முடிவை எதிர்த்தோர் 'வெல்வெட் புரட்சி' சதியில் ஈடுபட்டவர்களாக வழக்கு மன்றத்தில் நிறுத்தப்பட்டனர். 2022 செப்டம்பரில் ஒழுக்கக் காவலரின் பிடியில் இருந்த மாசா அமினி இறந்ததைத் தொடர்ந்து எழுந்த போராட்டங்களுக்கும் அமெரிக்காவும் இஸ்ரேலுமே காரணம் எனக் காமெனெயி குற்றஞ்சாட்டினார். போராட்டத்திற்கான காரணம் வெளிநாட்டில் இருப்பதாக நிறுவப்பட்டுவிட்டால் உள்நாட்டில் விடையளிக்க வேண்டிய கடமை நீங்கிவிடுகிறது.

இதற்கிடையே ஆலெ அஹ்மதின் பெயர் தெஹ்ரானின் நெடுஞ்சாலை ஒன்றிற்கும் அரசின் இலக்கியப் பரிசு ஒன்றிற்கும் சூட்டப்பட்டது. தணிக்கையை வாழ்நாள் முழுதும் எதிர்த்தவரின் பெயரில் தணிக்கைத் துறையைத் தன்னகத்தே கொண்ட அமைச்சகம் பரிசளிப்பது, நூலின் பிற்கால வாழ்வை ஒரே காட்சியில் சுருக்கிக் காட்டுகிறது.

வெளியுறவுக் கொள்கையில் முரண்கள்

புரட்சிக் காலத்து முழக்கம் 'கிழக்குமில்லை, மேற்குமில்லை' என்பது. அது ஆலெ அஹ்மதின் வரையறைக்கு நெருக்கமானது. நடைமுறை வேறாக அமைந்தது. ஈராக்குடனான போரின்போது, அமெரிக்காவை முதன்மைப் பகையாக அறிவித்திருந்த அரசு, 1985–86-இல் இஸ்ரேல் வழியாகவும் நேரடியாகவும் அமெரிக்க ஆயுதங்களை மறைமுகமாகப் பெற்றது. 1986 நவம்பரில் லெபனானிய இதழ் ஒன்றின் வழியே அச்செய்தி வெளிப்பட்டது. அக்கசிவோடு தொடர்புபடுத்தப்பட்ட மெஹ்தி ஹாஷெமி 1987-இல் வேறு குற்றங்களின் பெயரில் மரண தண்டனைக்கு உள்ளாக்கப்பட்டார். மேற்கோடு உறவுகொள்வது ஆட்சியாளருக்கு உத்தி. ஆட்சிக்கு வெளியே உள்ளோருக்கு அதுவே துரோகம். இவ்வேறுபாடு கொள்கையின் பிழையன்று. கொள்கையின் உள்ளடக்கமே அதுதான்.

2005-க்குப் பின் 'கிழக்கு நோக்கு' என்னும் போக்கு வலுப்பெற்றது. 2021 மார்ச்சில் சீனாவுடன் 25 ஆண்டுக்கால ஒத்துழைப்பு உடன்பாடு கையெழுத்தானது. 2023-இல் ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பிலும் 2024-இல் பிரிக்ஸ் அமைப்பிலும் ஈரான் உறுப்பு நாடாயிற்று. இவற்றை மேற்கு எதிர்ப்பின் வெற்றியாக அரசு முன்வைக்கிறது. ஆயின், ஆலெ அஹ்மதின் வரையறையைக் கொண்டு அளந்தால், எண்ணெயைத் தள்ளுபடி விலையில் சீனாவுக்கு விற்று அங்கிருந்து இயந்திரத்தைப் பெறும் நாடு மேற்குப்பீடிப்பிலிருந்து விடுபடவில்லை, விற்பனையாளரை மாற்றியுள்ளது. 1813-இலும் 1828-இலும் குலிஸ்தான், துர்க்மன்சாய் உடன்படிக்கைகளின் வழி காக்கசியப் பகுதிகளை ஈரானிடமிருந்து பறித்தது ரஷ்யப் பேரரசு. 1907-இல் பிரித்தானியாவோடு சேர்ந்து ஈரானைச் செல்வாக்கு மண்டலங்களாகப் பங்கிட்டதும் அதுவே. 1990-களின் இறுதியில் செச்சனியப் போர் மூண்டபோது இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் தலைமையில் இருந்த ஈரான் அதனை ரஷ்யாவின் உள்நாட்டு விவகாரமாகவே நடத்தியது. ஏகாதிபத்தியம் எதிர்க்கப்படுவதாகக் கூறப்படும் இடத்தில், சில ஏகாதிபத்தியங்கள் மட்டும் நினைவில் வைக்கப்படுகின்றன.

இவற்றைக் கூறும்போது மேற்கின் பொறுப்பைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஈராக்கின் வேதியியல் ஆயுதத் தாக்குதல்களுக்கு ஈரானியர் இலக்கானபோது மேற்கத்திய அரசுகள் பெரிதும் மௌனம் காத்தன. 1988 ஜூலையில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஈரானியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதில் 290 பேர் இறந்தனர். குடியரசுத் தலைவர் முகம்மது கத்தாமியின் முன்மொழிவால் ஐக்கிய நாடுகள் அவை 2001-ஐ நாகரிகங்களுக்கிடையிலான உரையாடல் ஆண்டாக அறிவித்திருந்தது. 2002 ஜனவரியில் ஈரான் 'தீமையின் அச்சு' என்னும் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2015-இல் எட்டப்பட்ட அணுசக்தி உடன்பாட்டிலிருந்து 2018 மே மாதத்தில் அமெரிக்கா விலகியது. உரையாடலை நம்பிய ஈரானியர் ஒவ்வொரு முறையும் தம் நாட்டின் கடும்போக்காளர்முன் தலைகுனிய நேர்ந்தது. எதேச்சாதிகாரத்தின் மேற்கு எதிர்ப்புக்கு மேற்கின் செயல்களே தொடர்ந்து எரிபொருள் வழங்கியுள்ளன.

மாற்று வாசிப்புகள்

மேற்கு எதிர்ப்பின் வேறு வடிவம் சாத்தியமா என்னும் வினாவுக்கு ஈரானிய இலக்கியத்திலேயே விடை உண்டு. ஆலெ அஹ்மதின் துணைவியார் சிமின் தானேஷ்வர் 1969-இல் வெளியிட்ட 'சவூஷூன்' புதினம் இரண்டாம் உலகப் போரின்போது அந்நியப் படைகள் நிலைகொண்ட ஷிராஸ் நகரைக் களமாகக் கொண்டது. தன் விளைச்சலைப் படையினருக்கு விற்க மறுக்கும் நிலவுடைமையாளர் யூசுஃப் கொல்லப்படுகிறார். ஆனால், கதை அவருடைய பார்வையில் நகரவில்லை. மனைவி சரியின் பார்வையில் நகர்கிறது. அந்நிய ஆதிக்கத்தையும் வீட்டினுள் நிலவும் அச்சத்தையும் அவள் ஒருசேர எதிர்கொள்கிறாள். அந்நியரை எதிர்ப்பதற்குப் பெண்ணின் மௌனம் விலையாக வேண்டியதில்லை என்பது புதினத்தின் நிலைப்பாடு. 'மேற்குப்பீடிப்பு' வகை மனிதர்களை உருவாக்கியது. 'சவூஷூன்' தனி மனிதர்களை உருவாக்கியது. அரசுக்கு முதலாவது பயன்பட்டதும் இரண்டாவது பயன்படாததும் தற்செயலன்று.

சிந்தனைத் தளத்தில் அப்துல்கரீம் சொரூஷ் மற்றொரு விடையை அளித்தார். ஈரானியர் தேசியம், சமயம், மேற்கு என மூன்று பண்பாடுகளுக்கும் உரியவர் என்றும், இம்மூன்றில் எதையும் நோயெனத் தள்ள இயலாது என்றும் அவர் வாதிட்டார். மேற்கு என்பது ஒற்றை உயிருடல் அன்று. ஏற்கவும் மறுக்கவும் தக்க பல கூறுகளின் தொகுப்பே என்பது இவ்வாதத்தின் அடிப்படை. மெஹ்ர்சாத் பொரூஜெர்தி போன்ற ஆய்வாளர்கள் ஆலெ அஹ்மதின் தலைமுறையைத் தலைகீழான கீழைத்தேயவாதம் என்னும் சட்டகத்தில் வைத்து நோக்கியதும் இத்தொடர்பில் கருதத்தக்கது. மேற்கு கிழக்கைச் சாரப்படுத்தியதுபோலக் கிழக்கும் தன்னையே சாரப்படுத்திக்கொள்ளும்போது, அச்சாரத்தின் காவலராக அரசு தன்னை நியமித்துக்கொள்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து நான்கு அளவுகோல்களைப் பெறலாம். ஒன்று, விமர்சனத்தின் இலக்கு வெளிநாட்டு அதிகாரமா, உள்நாட்டுக் குடிமக்களா என்பது. இரண்டு, குற்றஞ்சாட்டப்படுவோர் அதே மேடையில் மறுமொழி கூற முடிகிறதா என்பது. மூன்று, அதே அளவுகோல் எல்லா வல்லரசுகளுக்கும் பொருத்தப்படுகிறதா என்பது. நான்கு, அயலாரோடு உறவுகொள்ளும் உரிமை ஆள்வோருக்கு மட்டும் ஒதுக்கப்படுகிறதா என்பது. 1962-இல் ஆலெ அஹ்மதின் எழுத்து மூன்றாம் அளவுகோலில் தேறியது, முதலாவதில் தடுமாறியது. அவர் பெயரைப் போற்றும் அரசு நான்கிலும் தேறவில்லை.

ஒரு நூலின் பிற்காலப் பயன்பாட்டுக்கு அதன் ஆசிரியரை முழுப்பொறுப்பாளி ஆக்குவது முறையன்று. ஆலெ அஹ்மத் புரட்சிக்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே மறைந்தவர். எனினும், அவருடைய உருவகம் திறந்துவைத்த வாயில் வழியாகவே அரசு நுழைந்தது. காலனியத்திற்குப் பிந்தைய சமூகங்களில் ஆதிக்க விமர்சனத்தை மேற்கொள்வோர் கவனிக்க வேண்டிய இடம் இது. சுரண்டலைச் சுரண்டல் என்று பெயரிடும்வரை விமர்சனம் ஆதாரங்களுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. சுரண்டலைத் தூய்மைக்கேடு என்று பெயரிடும் கணத்தில், தூய்மையைத் தீர்மானிக்கும் அதிகாரம் விமர்சகரின் கையை விட்டு அகல்கிறது. அது யாரிடம் சேரும் என்பதை அவர் பின்னர் தேர்ந்தெடுக்க இயலாது.